பந்திக்கு வராத தாய்மாமனும் பீர்முகமது கடை டிரைவும்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு எதிர்ச் சந்தில், ஈரச்சாக்கு வாடையும் பழவாடையும் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான் பீர்முகமது. சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அவன் டிஸ்க் டிரைவின் பொத்தானை அமுக்க, தட்டு வெளியே நீண்டது, தட்டில் கிடந்த டிஸ்க்கின் மேல் ஓர் உளுந்துவடை இருந்தது. வடை சூடாக இருந்தது, அதன் ஓட்டையருகே ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. டீக்கடையிலிருந்து யாரோ விளையாட்டுக்கு வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தவன், பசி நேரம் வேறு, ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தான். உப்பு ஒரு மட்டுக்குக் குறைவு.

அந்த வடை எப்படி வந்தது என்பதைவிட, அவன் ஏன் அந்த டிரைவைப் போட்டு நோண்டிக்கொண்டிருந்தான் என்பதுதான் முக்கியம். அதற்குக் காரணம் கோமதி. பஜாரில் தையற்கடை வைத்திருக்கும் கோமதி, பட்டுப்புடவை மடிப்பில் அந்துருண்டையோடு சேர்த்து வைத்திருந்த தன் கல்யாண டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்து, இது ஓட வேண்டும், எப்படியாவது ஓட வேண்டும், ஆவணியில் மகள் அனுசுயாவுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது, அதற்குள் ஓட வேண்டும் என்று மூன்று விதமாக ஒன்றையே சொல்லிவிட்டுக் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரே அண்ணன், மாவு மில் ஆவுடையப்பன். கோமதியின் கல்யாணத்தன்று மண்டபத்தில் கை நனைக்காமல் எழுந்து போனவர் அவர். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் பக்கத்தில் பந்தி விரித்துவிட்டார்கள் என்று சொந்தக்காரன் தானாகப் போய் இலை முன்னால் உட்கார்ந்துவிட மாட்டான், பசியில் கண் இருட்டினாலும் தூணைப் பார்த்துக்கொண்டு நாற்காலியிலேயே இருப்பான், வீட்டார் நேரில் வந்து கூப்பிட வேண்டும், அதிலும் கூடப்பிறந்த அண்ணன் என்றால் தங்கச்சியே வந்து கூப்பிட வேண்டும். அவள் கூப்பிடவில்லை என்றார் ஆவுடையப்பன். பக்கத்திலேயே நின்று கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார் என்றாள் கோமதி. அன்றைக்கு விட்ட பேச்சு, இடையில் அப்பா செத்து, அம்மா செத்து, கோமதியின் கணவரும் போய்ச் சேர்ந்து, அனுசுயா வளர்ந்து ஆளாகி நிற்கும் இன்றைக்கும் ஒட்டவில்லை.

ஆவுடையப்பனைப் பற்றி ஊரில் நல்ல பெயர் கிடையாது. தெருவில் கூப்பிட்டால் திரும்ப மாட்டார், பேசினால் சண்டைக்கு வருவது போலக் கத்திப் பேசுவார், நாம் பேசும்போது வாயையே முறைத்துப் பார்ப்பார். தலைக்கனம் பிடித்த மனுசன் என்று எல்லோரும் முடிவுகட்டி, மில்லுக்கு அரைக்கப் போகிறவர்கள் கோதுமையா அரிசியா என்பதைக் கையாலேயே காட்டிவிட்டு வந்துவிடுவார்கள். ஆனால் தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டி வராமல் பெண் மேடையேற முடியாது. சித்தப்பாவையோ பெரியப்பா மகனையோ வைத்துச் சமாளிக்கலாம் என்று சம்பந்தி வீட்டில் சொன்ன அன்று ராத்திரி அனுசுயா சாப்பிடவில்லை. அதனால்தான் கோமதி அந்த டிஸ்க்கை எடுத்தாள். தான் கூப்பிட்டது அதில் பதிந்திருக்கும், அதை அண்ணன் முகத்துக்கு நேராக ஓடவிட்டால் அவரால் என்ன சொல்ல முடியும் என்பது அவள் கணக்கு.

டிரைவோ டிஸ்க்கை வாங்கி, முக்கி முனகி, ஒன்றும் தெரியாது என்று கைவிரித்துவிட்டது. பீர்முகமது டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துப் பார்த்தான். கம்ப்யூட்டரில் சாதனங்களின் வரிசையைத் திறந்து பார்த்தான், டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி நின்றது. டிரைவர் மென்பொருளை நீக்கினான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான், புதிய டிரைவரை இறக்கினான், மஞ்சள் போயிற்று, படம் மட்டும் வரவில்லை. இனி ஃபர்ம்வேரைத்தான் மாற்ற வேண்டும் என்றான். டிரைவர் என்பது கம்ப்யூட்டர் இந்த டிரைவோடு பேசுகிற பேச்சு, ஃபர்ம்வேர் என்பது டிரைவ் தனக்குள்ளேயே பேசிக்கொள்கிற பேச்சு என்று அவன் விளக்க, அப்படியென்றால் மனுசரில் பாதிப் பேருக்கு அதுதான் கோளாறு என்றாள் கோமதி.

ஃபர்ம்வேர் மாற்றும்போது இரண்டு விஷயம் கூடாது. உள்ளே டிஸ்க் இருக்கக் கூடாது, பாதியில் கரண்டு போகக் கூடாது. பீர்முகமது கோமதியின் டிஸ்க்கைப் பத்திரமாக வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டான். ஆனால் சோதித்துப் பார்ப்பதற்காக எலுமிச்சைக் கமிஷன் மண்டி சுப்பையாவின் கல்யாண டிஸ்க்கைப் போட்டவன் அதை எடுக்க மறந்தான். பச்சைக்கோடு முக்கால்வாசி நகர்ந்தபோது கரண்டும் போயிற்று, திரும்பி வந்தது. கூடாத இரண்டும் சேர்ந்து நடந்ததில் ஏதோ ஆகியிருக்க வேண்டும், இதற்கு மேல் யாரும் அதை ஆராயவில்லை.

வடையைப் பார்க்க வந்த சுப்பையா அதைக் கையில் எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், அடையாளம் கண்டுகொண்டார். அவர் கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்கு வடை பற்றவில்லை, அந்தப் பந்தியில் இருந்த அவர் மதினி அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு சுவர் எழுப்பி, வீட்டை இரண்டாக்கி, தண்ணீர்க் குழாயையும் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். சுப்பையா வடையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். பிய்த்த ஓரத்தைக் காட்டி இது யார் கடித்தது என்று மதினி கேட்டாள், பிறகு நின்றுகொண்டே தின்றாள், தின்று முடித்ததும் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் சந்து கொள்ளாமல் ஆட்கள் நின்றார்கள். பீரோவிலும் பரணிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் கிடந்த கல்யாண டிஸ்க்குகளெல்லாம் வெளியே வந்தன, கூடவே எவர்சில்வர் கிண்ணங்களும் வந்தன. டிரைவ் எல்லாவற்றையும் தருவதில்லை, அந்தக் கல்யாணத்தில் யாருக்குப் போய்ச் சேர வேண்டியது சேராமல் போயிற்றோ அதை மட்டும் தருகிறது என்பது இரண்டு மூன்று நாளில் ஊருக்குப் பிடிபட்டது. ஒரு நிக்காஹ் டிஸ்க்கிலிருந்து கைப்பிடி நெய்ச்சோறு வந்தது, சர்ச் கல்யாணத்திலிருந்து சின்னத் துண்டு கேக் வந்தது, அப்பளம் வந்தபோது தட்டின் அளவுக்கு வளைந்து கொடுத்து நொறுங்காமல் வந்தது. பாயசம் நடு ஓட்டை வழியாக உள்ளே ஒழுகியதால் அடியில் பாலித்தீன் விரிக்கும் வழக்கத்தைப் பீர்முகமது ஏற்படுத்தினான். ஒரு தடவை கொடுத்துவிட்டால் அந்த டிஸ்க் வெறும் கண்ணாடியாகிவிடும், அதில் முகம் பார்க்கலாம், கல்யாணம் பார்க்க முடியாது. அதைப் பற்றி யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

உணவுப் பரிசோதகர் ஒருவர் வந்து, இந்தப் பலகாரம் எப்போது செய்தது என்று கேட்டார். இன்னார் கல்யாணத்தில் செய்தது என்றார்கள். தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர், ஞாயிற்றுக்கிழமை லுங்கியில் வந்து தன் டிஸ்க்கோடு வரிசையில் கடைசியாக நின்றார். மாரிக்கனி என்று ஒரு பெண்மணி வந்தாள். புருசன் செத்து அவளுக்குத் தாலி இறங்கிய வருஷம் அவள் தங்கச்சி கல்யாணம் நடந்தது, பூத்தட்டு எல்லாப் பெண்களிடமும் போய் அவளை மட்டும் தாண்டிப் போயிற்று. அவள் டிஸ்க்குக்குத் தட்டில் ஒரு முழம் மல்லிகை வந்தது, தண்ணீர் தெளித்த ஈரம் காயாமல். மாரிக்கனி அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள், சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவள் பூ கோணலாக இருக்கிறது என்று சரிபண்ணி விட்டாள். அதைப் பார்த்துப் பீர்முகமதுக்குக் கண் கலங்கிவிட்டது, திரையைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டான்.

சில சமயம் தட்டு காலியாக வந்தது. ஒரு தடவை அப்படி வந்ததும் எல்லோரும் ஏமாந்து முணுமுணுக்க, தட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது, வாங்க மாப்ளே, வெளிய நிக்காதிய, உள்ள வாங்க என்று. மண்டப வாசலில் வெயிலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போன ஒரு மாப்பிள்ளை இப்போது நரைத்த மீசையோடு அங்கே இருந்தார், சரி மாமா என்று காலித் தட்டைப் பார்த்துப் பதில் சொன்னார். அதிலிருந்து தட்டு காலியாக வந்தால் சத்தம் போடாமல் காது கொடுக்க ஊர் பழகிக்கொண்டது. வடையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகலாம், சொல்லைக் கட்ட முடியாது, அதற்குரிய ஆள் பக்கத்தில் இருந்தால்தான் உண்டு. கேரளாவில் வேலைக்குப் போன ஒருவனுக்கு உரிய சொல் அப்படி வந்து, அவன் இல்லாமல், எலுமிச்சைச் சாக்குகளின் மேலாகப் போயே போய்விட்டது.

கோமதி இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் டிஸ்க்கை மட்டும் போடவில்லை. இதற்குள் டிரைவும் தளர்ந்துபோயிற்று. பாயசம் இறங்கிய மோட்டார் கரகரத்தது, தட்டு பாதியில் நின்றது, முன்பக்கத்துச் சின்னத் துளையில் நிமிர்த்திய ஊக்கை விட்டுக் குத்தினால்தான் வெளியே வந்தது. இன்னும் ஒரு தடவை திறந்தால் பெரிய விஷயம் என்றான் பீர்முகமது. அவனிடம் அந்த மாடலுக்குச் சரியான ஃபர்ம்வேர் கோப்பு வந்து சேர்ந்திருந்தது. அதை ஏற்றினால் டிரைவ் பிழைத்துக்கொள்ளும், டிஸ்க்கை ஒழுங்காகப் படித்துப் படம் காட்டும், ஆனால் கொடுப்பது நின்றுவிடும். இந்த டிரைவ் முதலில் உங்களுக்காகத்தான் பழுது பார்க்கப்பட்டது, எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று அவன் கோமதியிடம் கேட்டான். படம் வேண்டுமா, தட்டு வேண்டுமா.

கோமதி அன்று முழுவதும் ஒரு ரவிக்கையைத் தைத்துத் தைத்துப் பிரித்தாள். சாயங்காலம் வந்து சொன்னாள்.

"படத்தப் போட்டு, அண்ணன் சொன்னது பொய்யின்னு நிரூபிச்சுக் கூப்பிட்டா, வருவாவதான் பீரு. தோத்துப் போன மனுசனா வந்து நிப்பாவ. எம் மவ கையத் தோத்தவர் வந்து பிடிக்க வேண்டாம்."

"தட்டுல ஒண்ணும் வரலன்னா, அக்கா?"

"வரலன்னா நான் கூப்பிடலன்னு அர்த்தம். கால்ல விழுந்துட்டு வாரேன்."

இதில் ஒரு சிக்கல் இருந்தது, வரிசையில் அடுத்தது பேன்சி ஸ்டோர் ராமலட்சுமியின் முறை. அவளுக்கு ஒரு மைசூர்பாகு வர வேண்டியிருந்தது, அது அவள் மாமியார் இலையில் இரண்டாக விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தவள், விட்டுக்கொடுக்கிற ஆளும் இல்லை. சுப்பையா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ராமலட்சுமி தன் டிஸ்க்கையும் கோமதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், தாய்மாமன் இல்லாமல் ஒரு பிள்ளை மேடையேறுவதா, என் மைசூர்பாகு எங்கே ஓடிவிடப்போகிறது என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் கடைக்கு வர மாட்டார் என்பது தெரிந்ததுதான். ஆகவே பீர்முகமது கம்ப்யூட்டரைப் பிரித்துப் பழவண்டியில் ஏற்றி, சாரல் படாமல் சாக்கைப் போர்த்தி, தள்ளிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனான். கோமதி பின்னால் நடந்தாள், அவளுக்குப் பின்னால் வரிசை அப்படியே நடந்தது. கூட்டத்தைப் பார்த்த ஆவுடையப்பன் சுவிட்சை அணைத்தார். பெல்ட் தடதடவென்று ஓடி ஓய்ந்தது. புருவம், மீசை, மார்பு எல்லாம் மாவாக நின்ற அவரிடம் சுப்பையா பாதி வாயாலும் பாதி கையாலும் எல்லாவற்றையும் விளக்கினார். ஆவுடையப்பன் தங்கச்சியைப் பார்க்கவில்லை. இவள் கூப்பிடவில்லை என்பது இந்தப் பெட்டியிலும் தெரியட்டும், செய்யுங்கள் என்று மில்லே அதிரச் சொன்னார்.

பீர்முகமது கோமதியின் டிஸ்க்கைப் போட்டான். டிரைவ் முனகியது, சுற்றியது, ஒரு தடவை விக்கிற்று, நின்றுவிட்டது. அவன் ஊக்கைத் துளையில் விட்டு மெல்லக் குத்தினான். தட்டு நடுங்கிக்கொண்டே வெளியே வந்தது. அதில் ஒன்றும் இல்லை.

கூட்டம் பழகியபடி காது கொடுத்தது. முதலில் தூரத்து மேளம் கேட்டது, நாகஸ்வரம் கேட்டது, யாரோ ஒரு பிள்ளை அழுதது, அதற்கு ஊடாக, கல்யாணப் பெண்ணின் வெட்கமும் பதற்றமும் கலந்த இளங்குரல் ஒன்று தெளிவாக வந்தது.

"அண்ணே, எந்திரிச்சு வாண்ணே. நீ கை நனைக்காம நான் இலையில உக்கார மாட்டேன்."

ராமலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாரிக்கனி கோமதியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாருங்கள், கூப்பிட்டிருக்கிறாள், கூப்பிட்டதுதான், போய்ச் சேராமல் போயிருக்கிறது என்று ஆளுக்கு ஆள் கண்ணாலேயே சொல்லிக்கொண்டு எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் நிமிர்ந்து, தன்னையே பார்க்கும் அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன, ஒண்ணையும் காணும்? காலியாத்தான இருக்கு?"

சுப்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தார், கோமதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். தெருவில் கூப்பிட்டால் திரும்பாத அண்ணன், கத்திப் பேசுகிற அண்ணன், வாயையே முறைத்துப் பார்க்கிற அண்ணன், பதினாறு வயசிலிருந்து இந்த மில் இரைச்சலுக்குள்ளேயே நின்ற அண்ணன் என்று எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிற்று. அன்றைக்கு மேளத்துக்கு நடுவே அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றல்லவா கூப்பிட்டோம் என்பதும் விளங்கிற்று. இருபது வருஷத்துக்கு மேலாக அவர்மேல் வைத்திருந்த கோபம் அவ்வளவும் தன் அண்ணனை இத்தனை நாள் தனியாக விட்டுவிட்டோமே என்ற துக்கமாக மாறிற்று. அவள் சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

"அண்ணே," என்றாள், வாயசைவு தெரிய, நிதானமாக. "எந்திரிச்சு வாண்ணே. நீ கை நனைக்காம நான் இலையில உக்கார மாட்டேன்."

ஆவுடையப்பன் அவள் உதட்டைப் பார்த்தார். காலித் தட்டைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இதத்தானா சொன்ன?"

"இதத்தாண்ணே சொன்னேன். பின்னால நின்னு சொல்லிட்டேன். உனக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் அப்பத் தெரியாதுட்டீ," என்றார். அந்த மனிதர் மெதுவாகப் பேசி ஊர் அன்றுதான் கேட்டது. "பொறவுதான் தெரிஞ்சுது. தெரிஞ்ச பொறவு யார்ட்டப் போய்ச் சொல்ல? செவிடன்னு சொல்லுறதுக்குத் திமிர் பிடிச்சவன்னே சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்."

முழங்கையால் கண்ணைத் துடைத்தார், கண்ணைச் சுற்றி மாவு குழைந்து ஒட்டிக்கொண்டது. மில் மூலையில் அவருடைய மத்தியானச் சாப்பாடு தூக்குவாளியில் இருந்தது. கோமதி அதைத் திறந்து, மூடியிலேயே சோற்றை வைத்து, குழம்பை ஊற்றினாள். ஆவுடையப்பன் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். மாவு வெள்ளையாக ஓடி, பிறகு தண்ணீர் தெளிந்தது, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கழுவிக்கொண்டே நின்றார்.

தட்டு அதன் பிறகு உள்ளே போகவில்லை. பீர்முகமது அதைக் கையால் தள்ளி மூடி, மோட்டாரைப் பிரித்துத் துடைத்து, இந்தத் தடவை உள்ளே டிஸ்க் இல்லாமல், கரண்டு போகாத நாளாகப் பார்த்துச் சரியான ஃபர்ம்வேரை ஏற்றினான். டிரைவ் குணமாயிற்று. இப்போது அது டிஸ்க்கைப் போட்டால் படம் காட்டுகிறது, வேறொன்றும் தருவதில்லை. ஊரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை, பழையபடி எலுமிச்சை விலையைப் பேசப் போய்விட்டது. ராமலட்சுமி மட்டும் கடையைத் தாண்டும்போதெல்லாம் தன் மைசூர்பாகுவை ஞாபகப்படுத்திவிட்டுப் போவாள். ஒரு நாள் அவள் மாமியாரே ஒரு டப்பாவோடு வந்து அவள் கடையில் வைத்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

ஆவணியில் அனுசுயாவின் கையைப் பிடித்து ஆவுடையப்பன் மேடைக்குக் கூட்டி வந்தார். காதில் மெஷின் மாட்டியிருந்தார், அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அடிக்கடி கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தாலி கட்டி முடிந்து பந்தி விரித்ததும் அவர் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார், மெஷின் பையில்தான் இருந்தது. மண்டபத்தின் மறுகோடியிலிருந்து கோமதி வந்தாள். அவள் வருவதைப் பார்த்த தவில்காரர், யாரும் சொல்லாமலே அடிப்பதை நிறுத்தினார், நாகஸ்வரமும் நின்றது, வீடியோக்காரர் கேமராவை அவள் பக்கம் திருப்பினார். கோமதி அண்ணனுக்கு முன்னால் வந்து, மண்டபத்துக்கு வெளியே செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்கும்படியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, சாப்பிட வாண்ணே."

"கேட்டுட்டுட்டீ, கேட்டுட்டு," என்றார் ஆவுடையப்பன் எழுந்துகொண்டே. "ஊரக் கூட்டாத, வாரேன்."